பஞ்சுக்கை

ஓட்டின் விளிம்பில் மழை. அதன் கீழே ஒரு சின்ன உள்ளங்கை.

உள்ளங்கை நிறைகிறது. வழிகிறது. பிறகு அப்படியே வாய்க்குப் போகிறது. ஒரு வாய் மழை. மீண்டும் கை நீள்கிறது.

என் கடைசித் தங்கை சில்வி மழை குடிக்கிறாள். ஒன்பது வயது. அவளுக்கு இடக்கை மட்டும்தான். ஒரு கையால் தண்ணீர் குடிக்க விரல்களை இறுக்கிக் குழியாக்க வேண்டும். யாரும் சொல்லித் தராமல் அதைக் கற்றுக்கொண்டாள்.

நான் அடுக்களை வாசலில் நிற்கிறேன். என் கையில் துண்டு. அவள் தலையைத் துவட்ட.

*

எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள். நான் மூத்தவள்.

அப்பா விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போவார். ஜன்னல் வழியே பார்த்தால் மரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம் நிற்கும், நகரும், நிற்கும். அதோ அப்பா என்று அந்த வெளிச்சத்தைக் காட்டித்தான் சிறியவர்களுக்குச் சோறு ஊட்டினேன்.

அம்மா அண்டி ஆபீசுக்குப் போவாள். முந்திரி உடைக்கும் ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் அவள் விரல்நுனிகளைக் கறுப்பாக்கி வைத்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு.

இருவரும் போன பிறகு வீடு என்னிடம் வரும். தலை வாருவது, பொத்தான் போடுவது, சண்டை தீர்ப்பது, மாலையில் ஜெபமாலைக்கு எல்லோரையும் பிடித்து உட்கார வைப்பது. விலங்கியல் படித்தேன். பட்டம் வாங்கிய கையோடு வீட்டுக்கு வந்தேன். இங்கேயே இருக்கிறேன்.

கல்லூரியில் என் குரலை அதிகம் பேர் கேட்டிருக்க மாட்டார்கள். விடை தெரிந்தாலும் எழுந்து சொல்ல மாட்டேன். வீட்டில் நாள் முழுக்கக் கூப்பிடுகிறார்கள். அக்கா. அக்கா. அக்கா. எமில்டா என்று கூப்பிட யாருமில்லை.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் கொடி நிறையத் துணி காயும். பெரிதிலிருந்து சிறிது வரை சட்டைகள். காற்று வந்தால் எல்லாச் சட்டைகளும் கையசைக்கும்.

யாரைப் பார்த்து என்று தெரியாது. முற்றத்தில் நான் மட்டும்தான் நிற்பேன்.

*

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசி. மழை விட்டிருந்தது. வெயில்கூட வந்திருந்தது.

குளியலறையின் பழைய மண்சுவர் உள்ளுக்குள் ஊறிப் போயிருந்தது. அதன் அடியில் ஒதுங்கிய கோழிக்குஞ்சை எடுக்க சில்வி வலக்கையை நீட்டினாள். சுவர் பெரிய சத்தமில்லாமல், களைத்தவர் உட்காருவதுபோல, அமர்ந்தது.

முழங்கைக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை.

யார் மேலும் குற்றம் இல்லை. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் நாங்கள் வேலை செய்யத் தொடங்கினோம். ஒருவன் அவள் பையைத் தூக்கினான். ஒருத்தி அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து கொடுத்தாள். அவள் கேட்குமுன் எங்கள் கைகள் நீண்டன. எல்லாவற்றுக்கும் முதலில் என் கை.

மழைக்கால மாலைகளில் அவள் என்னிடம் வருவாள். பாயில் சாய்ந்து, இல்லாத கை கிடக்கவேண்டிய இடத்தைக் காட்டுவாள்.

"அக்கா, அந்த விரல் சொறியுது."

ஏன் என்று எனக்குத் தெரியும். கை போனாலும் மூளையில் கைக்கான இடம் போவதில்லை. படித்திருக்கிறேன். அதை அவளிடம் சொன்னதில்லை. வெறும் பாயைச் சொறிந்து கொடுப்பேன். கொஞ்சம் மேலே என்பாள். கொஞ்சம் மேலே சொறிவேன்.

கண்களை மூடிக்கொண்டு, "இப்பம் கொள்ளாம்" என்பாள், சொறி தீர்ந்த சுகத்தில்.

*

இந்த மே மாதம் அவளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

கோயிலில் பிள்ளைகளைப் பழக்கிய சிஸ்டர் நல்லவர். இடது கை மேலே, வலது கை கீழே, ராஜா வந்து உட்காருகிற சிம்மாசனம் மாதிரி என்று நீட்டிக் காட்டினார். பிள்ளைகள் எல்லோரும் சிம்மாசனம் செய்தார்கள். சிஸ்டர் சில்வியின் அருகில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"நீ நாக்குல வாங்கிக்க மக்கா."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராகப் போய்க் கேட்டோம். கடைசியில் அம்மாவிடம்தான் சொன்னாள்.

"எனக்கும் கையிலதான் வேணும்."

வேறொன்றும் இல்லை. ஒரு சின்ன அப்பம். எல்லோருக்கும் போல அது தன் கையில் வந்து உட்கார வேண்டும்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்துக்குப் போய் வெள்ளைச் சட்டையும் முக்காடும் வாங்கி வந்தாள். எல்லாப் பெண்பிள்ளைகளும் போடுகிற வெள்ளைக் கையுறைகளும்.

பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீலத்தாள் சுற்றிய ஒரு பஞ்சுச் சுருளை எடுத்தாள். மருந்துக்கடைப் பஞ்சு. சில்வியின் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நாட்களில் வாங்கியது. மிச்சமிருந்தது. ஏன் தூக்கிப் போடவில்லை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கையை மூன்று முறை கழுவிவிட்டு அம்மா உட்கார்ந்தாள். வலக்கை உறையில் ஒவ்வொரு விரலாகப் பஞ்சை அடைத்தாள். ஈர்க்கில் ஒன்றை வைத்து நுனிவரை தள்ளினாள். சுண்டுவிரலுக்குக் குறைவாக, கட்டைவிரலுக்கு அதிகமாக. எவ்வளவு கழுவியும் வெள்ளைத் துணியில் அவள் விரலின் கறுப்பு ஓரிடத்தில் லேசாகப் பட்டது. சட்டையின் நீளக் கையோடு அதைச் சேர்த்துத் தைத்தாள்.

"இதுக்கு மேல இடக்கைய வை. சிம்மாசனம் ஆச்சா?"

சில்வி வைத்துப் பார்த்தாள். பஞ்சுக்கை அவள் கைக்குக் கீழே அடங்கி இருந்தது.

என் தம்பி டேனிஷ் வந்து அதைத் தொட்டான். குலுக்கினான்.

"அம்மா, எனக்கும் ரெண்டு தச்சுத் தா. சாறு அடிக்க வரும்போ நீட்டலாம்."

சாறு என்றால் பள்ளி ஆசிரியர். முதலில் சிரித்தது சில்விதான்.

"வாய வச்சிட்டு சும்மா இரில" என்று அம்மா நூலைக் கடித்தாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். நீண்ட நாளுக்குப் பிறகு. அப்பா ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்டுவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தார். "பிள்ளைக்குப் பிடிச்சிருந்தா சரி" என்றார்.

*

அந்த ஞாயிறு விடிந்தபோது வானம் கண்ணாடிபோல இருந்தது.

கெபியிலிருந்து, மாதா சொரூபம் இருக்கும் சின்னக் குகையிலிருந்து, கோயிலுக்குப் பவனி. வெள்ளை உடுத்த பிள்ளைகள் இரண்டு வரிசையாக. நாங்கள் பின்னால். பாதி வழியில் கிழக்கே மலை மேகத்தில் மறைந்தது. யாரும் குடை கொண்டுவரவில்லை. கோடைமழை கேட்டுக்கொண்டு வருவதில்லை.

பெரிய துளிகள். முக்காடுகள் தலையோடு ஒட்டின. பிள்ளைகள் கிறீச்சிட்டு ஓடினார்கள். சில்வி ஓடவில்லை. மழையில் அவள் எப்போதும் ஓடியதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

கோயில் படியேறும்போதுதான் கவனித்தேன். பஞ்சுக்கை கீழே இழுத்துக்கொண்டிருந்தது. விரல்கள் பருத்து, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

புண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே செய்த பஞ்சு அது. வேறு என்ன செய்யும். தலையணை இலவம்பஞ்சாக இருந்திருந்தால் அவ்வளவு குடித்திருக்காது. அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்து என்ன பயன்.

பூசை நடந்தது. பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அப்போது சிஸ்டர் குனிந்து மெதுவாகச் சொன்னது கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"கையுறையக் கழட்டுங்க பிள்ளைகளே."

பழக்கிய நாட்களில் யாரும் கையுறை போடவில்லை. அப்பம் உறையின் மேல் விழக்கூடாது, வெறும் கையில்தான் விழ வேண்டும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இல்லாத கையை அத்தனை நாள் நினைத்திருந்தோம். இருக்கிற கையை மறந்துவிட்டோம்.

மற்றப் பிள்ளைகள் ஒரு கையால் மற்றதைப் பிடித்து இழுத்தார்கள். வெள்ளை உறைகள் உரிந்தன. சில்வி இடக்கையைப் பார்த்தாள். இறுக்கமான வெள்ளை உறை. மணிக்கட்டில் நான் போட்ட பொத்தான். வலப்பக்கம், நனைந்து தொங்கும் பஞ்சு.

எங்கள் பெஞ்சு முழுவதும் அசைந்தது. டேனிஷ் பாதி எழுந்தான். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஓடு. போய்க் கழட்டிக் குடு."

நான் எழுந்துவிட்டேன். நடுவழியில் ஓர் அடிகூட வைத்துவிட்டேன். ஊர் முழுவதும் பார்க்கிற இடத்தில், வெட்கத்தை மறந்து. எப்போதும் போல என் கைகள் முன்னால் போய்க்கொண்டிருந்தன.

சில்வி திரும்பினாள். கூட்டத்தில் என்னைத் தேடி எடுத்தாள்.

அவள் கூப்பிடுகிற பார்வை எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். இது அது இல்லை.

தலையை ஒருமுறை அசைத்தாள். வேண்டாம்.

பிறகு இடக்கையை வாயருகே கொண்டுபோனாள். பொத்தானைப் பல்லால் இழுத்தாள். அது தெறித்துத் தரையில் உருண்டது. நடுவிரல் நுனியைக் கடித்துத் தலையைப் பின்னால் சாய்த்தாள். ஈர உறை விடாமல் பிடித்தது. மீண்டும் கடித்தாள். வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் முறை வந்துகொண்டிருந்தது.

நான் நின்ற இடத்தில் நின்றேன். அம்மா பின்னால் என் சேலையைப் பிடித்து, போ போ என்று உந்திக்கொண்டிருந்தாள். போவதா, உட்காருவதா. என் கால்களுக்குத் தெரியவில்லை.

உறை கழன்றது. வாயிலிருந்து தொங்கியது. அதை வலது தோளுக்குக் கீழே இடுக்கிக்கொண்டாள்.

பூசை வைத்த சாமி அப்பத்தோடு அவள் முன்னால் நின்றார். காத்திருந்தார்.

சில்வி பஞ்சுக்கையைத் தூக்கவில்லை. அதன் மேல் எதையும் வைக்கவில்லை. இடக்கையை மட்டும் நீட்டினாள். விரல்களை இறுக்கி, குழியாக்கி.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்."

அப்பம் விழுந்தது. எடுத்து வாயில் வைக்க இன்னொரு கை வேண்டும். சிஸ்டர் அருகே வரக் கால் எடுத்தார். அதற்குள் உள்ளங்கை அப்படியே வாய்க்குப் போனது.

மழை குடிப்பது போல.

நான் உட்கார்ந்தேன். அம்மா அழவில்லை. தன் கறுத்த விரல்களை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்திருந்தாள்.

*

வீட்டுக்கு வந்ததும் அம்மாவே தையலைப் பிரித்தாள். பஞ்சைப் பிழிந்தாள். ஒரு டம்ளர் மழை வந்தது.

"பஞ்சுக்கை ஞானஸ்நானமும் வாங்கியாச்சு" என்றான் டேனிஷ்.

"என்ன பேரு போட்டியோ?" என்றாள் சில்வி.

எல்லோரும் சிரித்தார்கள். பெயர்கள் பறந்தன. பிரியாணி வாசம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சில்வியின் கன்னத்தைக் கிள்ளிப் போனார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "நல்லா வளத்திருக்க பிள்ளே" என்றாள். நான் தலை குனிந்தேன். சில்வி பல்லால் கடித்ததை நான் கற்றுத் தரவில்லை.

மாலையில் சில்வி சட்டையை மாற்றினாள். பொத்தான்களைப் போட நான் போனேன். அவள் சுவரோடு சாய்ந்து, மோவாயால் துணியை அழுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே. ஒன்று மாறிப் போய்விட்டது. சட்டை கோணலாக நின்றது.

"மாறிப் போச்சு சில்வி."

"இருக்கட்டு அக்கா."

கோணல் சட்டையோடு ஓடினாள்.

நான் அங்கேயே நின்றேன். விரல் நுனிகளில் என்னவோ அரித்தது. இல்லாத பொத்தான் ஒன்று. அதை எங்கே சொறிவது என்று எனக்குத் தெரியவில்லை.

*

மறுநாள் மீண்டும் மழை. கொடியில் இரண்டு கையுறைகள் நனைந்து கிடந்தன. பஞ்சில்லாமல் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. எடுக்கப் போகவில்லை.

சில்வி ஓட்டின் விளிம்பில் நின்று குடித்தாள். நான் துண்டோடு வாசலில் நின்றேன். அவள் வந்து துண்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். நடந்தபடியே தலையைத் துவட்டினாள். பின்பக்கம் சரியாகத் துவட்டவில்லை. முதுகில் நீர் கோடிட்டது.

உள்ளே யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். காது கொடுத்துக் கேட்டேன். என்னை இல்லை.

அவள் நின்ற இடத்துக்குப் போனேன். தரையில் அவள் ஈரக்கால் தடம். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மற்றதை நீட்டினேன்.

மழை வந்து உட்கார்ந்தது. விரல்களின் இடுக்கில் ஒழுகிப் போனது. வாய்க்குக் கொண்டுபோனபோது ஒரு சொட்டுதான் மிச்சம்.

விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். மீண்டும் நீட்டினேன்.

ஓட்டின் விளிம்பில் மழை. அதன் கீழே ஓர் உள்ளங்கை.