போத், சார்

இஸ்திரி போடும் உருளை மெஷின் படக்கென்று நின்றபோது, அந்தச் சலவைக் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஒரே குரல் சூப்பர்வைசர் பெண்ணின் நாத்தனாருடையது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஒன்று மடிப்போடு உள்ளே போய்ச் சுருண்டு பெல்ட்டில் சிக்கிக் கருகிக்கொண்டிருந்தது. விரிப்பைப் பிடித்து உள்ளே விடவேண்டிய நாத்தனார், மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற புதுப்பெண்ணிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனார் பேசுவது அங்கே யாருக்கும் புதிதில்லை. விலைவாசி, முழங்கால் வலி, விடியற்காலையில் கண்ட கனவு என்று வேலை பாட்டுக்கு வேலையும் வாய் பாட்டுக்கு வாயும் நடக்கும். அன்றைக்குத்தான் வேலை நின்றுவிட்டது.

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கூடத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நாத்தனாரின் தம்பி பெண்டாட்டியான இவள் ஒருத்திதான். அதனால்தான் துணி மடிக்க வந்தவளைச் சூப்பர்வைசராக்கி, கழுத்தில் அட்டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். மற்றப் பெண்கள் அவளுக்குத் துரைசாணி என்று பேர் வைத்தார்கள். கேலிப் பேர்தான், ஆனாலும் அது அவளுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. அந்த வேலையையே வாங்கிக் கொடுத்தது நாத்தனார்தான். ‘படிச்ச பொண்ணு, வீட்ல சும்மா இருக்கா’ என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி உள்ளே நுழைத்திருந்தாள்.

துரைசாணி பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் காதில் வயரை மாட்டிக்கொண்டு போனில் இங்கிலீஷ் பாடம் கேட்பாள். அந்த வாரப் பாடம் பேச்சைப் பற்றியது. பேசுவதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்திருந்தவளுக்கு மலைப்பாக இருந்தது. டாக் வேறாம், சாட் வேறாம். உட்கார்ந்து ஒரு விஷயத்தை அலசினால் டிஸ்கஷன். வாய்க்குள்ளேயே பேசினால் மட்டர். காதோடு காதாகச் சொன்னால் விஸ்பர். நம்மிடம் மட்டும் குறைவா என்ன? அரட்டை, புலம்பல், தொணதொணப்பு, குசுகுசுப்பு எல்லாம் அடுத்த சீட்டிலேயே உட்கார்ந்து வந்தன. ஒரு காதில் பாடம், மறு காதில் நாத்தனார். அந்தப் பாடத்தில் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போன சொல் காசிப். சொல்லிப் பார்த்தால் வாயில் மிட்டாய் உடைகிற மாதிரி இருந்தது.

மெஷின் நின்ற நேரத்தில் அந்தம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று மேனேஜர் கேட்டார். டாக்கிங் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது எல்லாருக்கும் தெரிந்த சொல், சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

“ஷீ வாஸ் காசிப்பிங், சார்” என்றாள்.

மேனேஜர் புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தார். அந்தச் சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். போகிற போக்கில் உன் இங்கிலீஷ் நன்றாக முன்னேறியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்கத் துரைசாணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் மதியம் நாத்தனாரை அறைக்கு அழைத்து வரச் சொன்னார். சும்மா ஒரு சாட் என்றார். அவளும் அதையே நம்பி, “சும்மா பேசத்தான் அண்ணி” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். நாத்தனார் முகத்தைக் கழுவி, ஈரத் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு வந்தாள். மேனேஜர் அறையில் நாற்காலியில் உட்காருவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நுனியில் உட்கார்ந்தாள்.

மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. நல்ல வேலைக்காரி, ஆனால் மெஷின் பழுது, ஆஸ்பத்திரிக்காரர்கள் கோபம், மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டும் என்று அடுக்கிக்கொண்டு போனார். நடுநடுவே காசிப், காசிப் என்று வந்தது. அது வந்த இடத்திலெல்லாம் துரைசாணி ‘பேச்சு’ என்று மாற்றிச் சொன்னாள். நாத்தனார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள் முழங்கையைத் தொட்டாள்.

“பேசினது நிஜந்தாம்மா. அந்தப் புதுப் பொண்ணோட துப்பட்டா உருளைக்குள்ள போகப் பாத்துச்சு. இழுத்துச் சொருகிக்கன்னு கத்தினேன். அவளுக்குக் காதுல விழல. அதான் திரும்பினேன். இத அப்படியே அவர்கிட்ட சொல்லு.”

அப்படியே சொன்னாள். வார்னிங் என்ற சொல் அவளுக்குத் தேடாமலே கிடைத்தது. மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். நீ நேற்று காசிப் என்றாய், இன்றைக்கு எச்சரிக்கை என்கிறாய், இரண்டில் எது சரி என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அவள் சொல்வதை எழுதிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். நேற்று தப்பாகச் சொல்லிவிட்டேன் சார் என்று ஒரு வரி போதும். போனால் ஒரு மார்க் போகும், அட்டை போகாது. அந்த ஒரு மார்க்கைத்தான் அவளால் விட முடியவில்லை.

“போத், சார்” என்றாள்.

மேனேஜர் தலையசைத்தார். பிறகு அவர் சொன்னதைத் தமிழில் சொல்லவேண்டியதும் அவள்தான். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று நாத்தனாரின் தோளைப் பார்த்துச் சொன்னாள். வீட்டில் கொண்டுபோய் விடு என்று மேனேஜர் அவளுக்கு அரைநாள் லீவும் கொடுத்தார்.

பஸ்ஸில் கூட்டமில்லை. நாத்தனார் வேலையில் போடும் செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வழக்கமாக டிரைவரில் தொடங்கி எல்லாரையும் விசாரிக்கிறவள் வாயே திறக்கவில்லை. துரைசாணி வயரைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். பாதி வழி போனபின் நாத்தனார் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

“போத்துன்னா என்னம்மா?”

“ரெண்டும்னு அர்த்தம் அண்ணி.”

“எந்த ரெண்டு?”

பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்று சொல்ல முடியவில்லை. நேற்றுச் சொன்னதையும் இன்று சொன்னதையும் மேனேஜர் கேட்டதையும் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தாள். சொல்லச் சொல்லக் காது மடல் சுட்டது. நாத்தனார் அவசரப்படாமல் கேட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்கு நம் பேச்சில் என்ன என்று கேட்டாள்.

“வம்பு… புறணி.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, யாரும் ஏறாமல் கிளம்பியது.

“நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவேந்தான்” என்றாள் நாத்தனார். “ஆனா உன்னைப் பத்தி ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையேம்மா.”

தெருவில் இறங்கி நடந்தபோது நாத்தனார் முன்னால் போனாள். இவள் எட்டிப் பிடிக்காமல் பின்னால் போனாள். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, என்ன இரண்டு பேரும் இந்நேரத்தில் என்று எழுந்து நின்றாள். இந்தம்மாவிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

“இவளுக்கு உடம்பு சரியில்ல” என்றாள் நாத்தனார். “அதான் கூட்டிட்டு வந்தேன்.”

சொல்லிவிட்டு நிற்காமல் போய்ப் பூட்டில் சாவியை நுழைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி அடடா என்று நெருங்கி வந்து, புடவையில் கையைத் துடைத்தும் துடைக்காமலும் அவள் நெற்றியில் வைத்தாள். கை ஜில்லென்று ஈரமாக இருந்தது.

“ஆமா, சுடத்தான் சுடுது” என்றாள்.

துரைசாணி அந்தக் கையை விலக்காமல், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.