மூன்று பிஸ்டனும் ஒரு கல்லும்

கலாதேவி ஆன்ட்டிக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் அவர் மகன் தனேஸ்வரனைப் பிடித்துத் தொலைத்தது. அதனால்தான் எங்கள் கல்யாணத்துக்கு ஐயரிடம் தேதி கேட்க, புந்தோங் கோயிலுக்கு இருவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டேன்.

ஏறுவதற்கு முன்பே ஆன்ட்டி ஆரம்பித்துவிட்டார். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாதாம். வாசலில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி, குங்குமம் வைத்துக் கைப்பையில் போட்டார். "இதான் நாலாவது ஆளு" என்றார். எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். நான் காரை எடுத்தேன்.

சிவப்பு விளக்கில் நின்றபோது கார் லேசாக உதறியது.

"ஏன் இப்படி ஆடுது? பழுதா?"

"பழுதில்ல ஆன்ட்டி. மூணு சிலிண்டர் எஞ்சின், அப்படித்தான்."

"மூணா?"

நான் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் எஞ்சின் பொருத்துகிறவள். கேட்டால் சும்மா இருக்க முடியாது.

"சிலிண்டருன்னா குழா மாதிரி. உள்ளுக்கு பிஸ்டன் ஏறி இறங்கும். பெட்ரோல் வெடிச்சு அதத் தள்ளும், அந்தத் தள்ளுலதான் சக்கரம் சுத்துது. நாலு இருந்தா ரெண்டு ஏறுறப்ப ரெண்டு இறங்கும், ஆட்டம் அடங்கிடும். மூணுல ஜோடி சேராது. ஒரு முனை தூக்கும், மறுமுனை அமுங்கும், புள்ளைங்க ஏறி ஆடுற ஜொங்காங் ஜொங்கெட் பலகை மாதிரி. அடியில ரப்பர் வச்சு அடக்கியிருக்கு. எடை கம்மி, பெட்ரோலும் கம்மி."

"ஜோடி இல்லாத எஞ்சினா? தனேஷ், கேட்டியாடா?"

தனேஸ்வரன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொறையுதுன்னா ஒண்ணு சேக்க வேண்டியதுதானே?" என்றார் ஆன்ட்டி.

"எஞ்சின் என்ன பந்தியா, இன்னொரு எல போட்டு ஒக்கார வைக்க?"

பூக்கடையோரம் நிறுத்திவிட்டு மாலை வாங்கப் போனேன். திரும்பி வந்து காரை முடுக்கியதும் கிறீச்சென்று ஒரு சத்தம். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. இறங்கி போனட்டைத் திறந்தேன். பெல்ட் கழன்று தொங்கியது. அது சுற்றும் சக்கரத்தில் ஒரு கல் சிக்கியிருந்தது. கல்லில் குங்குமம்.

"பாத்தியா? ராசியில்லாத காடி லா" என்றார் ஆன்ட்டி.

"ஆன்ட்டிக்குப் போனட் தொறக்கத் தெரியாது. தொறந்தது யாரு, தனேஷ்?"

"அம்மா மனசு நிம்மதிக்குத்தான் லா. நாலாவதா இருக்கட்டும்னு எஞ்சின் மேல வச்சேன், உருண்டிருச்சு போல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீயும் பந்தி அது இதுன்னு எதுத்துப் பேசிட்ட. அம்மாகிட்ட ஒரு சாரி சொல்லிரு."

நானா சாரி? இவர்கள் முன்னால் அழ மாட்டேன். அவனை அவ்வளவு வெறுத்தேன்.

கல்லை நெம்பி எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"நான் வரல. நீ, ஒங்கம்மா, இந்தக் கல்லு. எத்தன ஆளுன்னு எண்ணிக்கோ."

எண்ணியது ஆன்ட்டிதான். எண்ணிவிட்டு, இன்னொரு கல் தேடி ரோட்டோரம் குனிந்தார்.