சுவரில் நூற்றிருபது

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே சுலக்ஷனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் ஜன்னல் வரை போனாள், போன வேகத்தில் திரும்பி வந்து மேசையிலிருந்த பட்டியலை இன்னொரு தரம் எடுத்தாள். நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனால் சின்னதுகள் பகல் முழுக்க அவளிடம்தான். பள்ளிக்கூடம் விட்டால் பெரியதுகளும் அங்கேயே வந்து விழும். இந்த முப்பத்திரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை கொழும்புப் பக்கத்து விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டு, மூன்று வாரமாக ஒழுங்காகச் சோறு இறங்காமல் திரிகிறாள்.

பஸ் கிடைத்துவிட்டது. துணைக்கு ஆறு அம்மாமாரும் வருகிறார்கள். யாரை எந்த ராட்டினத்தில் ஏற்றுவது என்பதில்தான் அவளுக்குத் தலை சுற்றியது. முதலில் வயதை வைத்துப் பிரித்தாள். அதைக் கேட்ட பூங்காக்காரன் போனிலேயே சிரித்தான். அவர்களுக்கு வயது கணக்கில்லையாம், உயரம்தானாம். நூறு சென்டிமீட்டருக்குக் கீழே முயல் பட்டி, நூற்றிருபது வரை மான் பட்டி, அதற்கு மேலே யானைப் பட்டி. கையில் கட்டியிருக்கிற பட்டியைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். முயலுக்குச் சின்ன ரயில், மானுக்குக் குதிரை ராட்டினம், யானைக்கு மட்டும் ஊஞ்சல் கப்பல்.

"ரெண்டு சென்டிமீட்டர் கொறஞ்சா என்னாங்க ஆயிரும்?" என்று அவனோடு சண்டைக்கே போனாள்.

"கப்பல் ஆடுறப்ப கம்பி தோளை அழுத்திப் பிடிக்கணும் மிஸ். குட்டைப் பிள்ளைன்னா கீழால நழுவிரும்" என்றான் அவன்.

அளப்பதற்குக் காம்பராவில் சுவர் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், அவளுக்கு முன்னிருந்த டீச்சர் நீலப் பெயின்ட்டில் எழுதிவைத்த அளவுகோல். பிள்ளைகளின் வளர்ச்சி அட்டையில் ஏறுகிற உயரமெல்லாம் அந்தச் சுவர் சொன்னதுதான். சுலக்ஷனா நிற்க வைத்துப் பார்த்துச் சொல்வாள், மாதம் ஒருமுறை வருகிற மிட்வைஃப் மிஸ் எழுதிக்கொள்வார். அப்படி அளந்ததில் பதினொரு பேர் யானை. அதில் ஒருத்தி தனுஷிகா, ஒன்பது வயது. கப்பல் என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு நிற்பாள். நூற்றிருபதுக் கோட்டை அவள் உச்சந்தலை தாண்டிவிட்டதென்று கண்ட அன்று, "நீ யானைடி" என்று சுலக்ஷனாவே கைதட்டினாள். அந்தச் செய்தி அன்றைக்கே ஏழு லயத்து வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்த லட்சணத்தில்தான் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பூங்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கைப்பட்டிகள், கூடவே சுருட்டி வைத்த ஒரு காகித அளவுகோல். கீழ் நுனி தரையைத் தொடுகிற மாதிரிச் சுவரில் ஒட்டி, பிள்ளைகளை மறுபடி அளந்து, மாலைக்குள் பட்டியலை உறுதிப்படுத்தும்படி கடிதம்.

ஒட்டினாள். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். சுவரின் நூற்றிருபதுக்கு நேராகக் காகிதத்தில் நூற்றிப் பதினைந்துதான் இருந்தது.

காகிதம்தான் பிழை என்று முதலில் திட்டினாள். கொழும்பில் அச்சடிப்பவனுக்கு எங்கே கண் தெரிகிறது. பிறகு, காம்பராவில் உதவிக்கு இருக்கிற லெட்சுமியக்காவின் தையல் டேப்பை வாங்கிப் பிடித்தாள். அதுவும் காகிதத்தின் பக்கமே பேசியது. சுவர் அளவுகோலின் கோடுகளுக்கு நடுவே இடைவெளியெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அடியில்தான் கோளாறு. ஐந்து என்ற எண் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய பூச்சியத்தைக் காணோம்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள், லயத்து வடிகால் கானைக் கட்டிக்கொண்டிருந்த மூக்கன் பாஸிடம். தோட்டத்தில் கல், சீமெந்து வேலையெல்லாம் அவர் கைதான்.

"நாலு வருசத்துக்கு முந்தி காம்பராவுல தரை போட்டீங்களே பாஸ், எவ்வளவு கனம் போட்டீங்க?"

"ரெண்டு இஞ்சு. பழசை ஒடைக்கல, அதுக்கு மேலயே போட்டுட்டேன்." அவர் சாந்துக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "புள்ளைகளுக்கு ஈரத்துல சளி புடிக்குது, ஒரு வாரத்துல முடிச்சுத் தாங்கன்னு நீங்கதானே டீச்சர் அவசரப்படுத்துனீங்க."

ஆமாம், அவள்தான். ஆபீசுக்கு நான்கு கடிதம் எழுதி வாங்கிய தரை அது. தரை காய்ந்த வருடத்திலேயே அட்டைகளில் பிள்ளைகள் திடுதிடுவென்று வளர்ந்திருந்தார்கள். சளியில்லாத பிள்ளை வளரத்தானே செய்யும் என்று ஊரே சொன்னது. டவுன் சுகாதார ஆபீசிலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரமும் வந்து சுவரில் ஏறியது. வளர்ந்தது பிள்ளை இல்லை, தரைதான். நின்றபடியே விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள். நான்கு வருடம், மாதம் தவறாமல், ஐந்தைந்து சென்டிமீட்டர் பொய்.

திரும்பி நடக்கும்போதுதான் அவளுக்கு நிரோஷனின் நினைவு வந்தது. தனுஷிகாவின் தம்பி, நாலு வயது, எலும்பும் தோலுமாக இருப்பான். போன வருடம் அவன் அம்மா வீரம்மா மூன்று மாதம் விடாமல் வந்து கேட்டாள். "பையன் வளரவே மாட்டேங்குறான் டீச்சர், அவனுக்கும் சத்துமா வாங்கிக் குடுங்க." சத்துமா பாக்கெட், அட்டையில் கோடு ஆரஞ்சு நிறத்துக்கு இறங்கிய பிள்ளைக்குத்தான். நிரோஷனின் கோடு பச்சையில் இருந்தது. "அவன் நல்லாத்தான் இருக்கான், அம்மாக்காரிக்குத்தான் சும்மா பயம்" என்று சுலக்ஷனா எல்லோர் முன்னாலும் சிரித்து அனுப்பினாள். அந்தச் சிரிப்பை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

லெட்சுமியக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். சுவருக்குக் காது இருக்கிறதோ என்னவோ, வாய் இருந்ததுதான் இத்தனை வினை.

"இங்க பாருங்க டீச்சர். பூங்காப் பட்டியல மட்டும் சத்தமில்லாம மாத்துங்க. அங்க உள்ள அளவு வேறயாம்னு சொல்லிட்டாப் போச்சு. அட்டைய எல்லாம் கிண்டாதீங்க. கிண்டுனா மொதல்ல ஒங்க வேலைதான் போகும்."

சுலக்ஷனா மேசைக்குப் போனாள். பட்டியலை எடுத்தாள், வைத்தாள். தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் வந்தாள். அக்கா சொல்வது நடக்கக்கூடியதுதான், அதுதான் அவளை இன்னும் படுத்தியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிறு போய்விடும், திங்கள் வந்துவிடும். நிரோஷன் மட்டும் பச்சையிலேயே இருப்பான். மூன்று மணிக்கு மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திங்கட்கிழமை எல்லா அட்டையையும் எடுத்து வைக்கச் சொன்னார். குரலில் கோபம் இருந்தது.

சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடித்த கையோடு அம்மாமாரைக் காம்பராவுக்கு வரச் சொன்னாள். கூடை முதுகில் கிடந்தபடி வந்தார்கள். சுவரையும் காகிதத்தையும் காட்டி, தரையைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் முணுமுணுப்பு எழுந்தது.

"முதல்ல நான் நிக்கிறேன்" என்று தனுஷிகா வந்து காகிதத்தில் சாய்ந்தாள். கழுத்தை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தாள். நூற்றிப் பதினேழு.

"அப்ப நான் கொறஞ்சுட்டேனா டீச்சர்?"

"நீ கொறயலம்மா. நான்தான் கூட்டிச் சொல்லியிருக்கேன்." சுலக்ஷனா மான் பட்டி ஒன்றை எடுத்தாள். "கப்பல்ல ஒன்னய ஏத்த முடியாது. மான்தான்."

பிள்ளை அழவில்லை. பழைய சுவருக்குப் போனாள். நூற்றிருபத்தைந்துக்கு நேராக விரலை வைத்தாள். "அப்ப இதுல இங்க வந்தா கப்பலா?"

"ஆமா."

"சரி" என்று அந்த இடத்தில் நகத்தால் கீறினாள்.

யானை பதினொன்று நாலாகக் குறைந்தது. ஒவ்வொரு எண்ணையும் சுலக்ஷனா சத்தமாகவே சொன்னாள். நிரோஷனின் முறை வந்ததும் வீரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனைத் தூக்கி வந்தாள்.

"போன வருசம் நான் கேட்டேன் டீச்சர்."

"கேட்டீங்க."

"மூணு மாசம் கேட்டேன். சிரிச்சீங்க."

"சிரிச்சேங்க அக்கா." மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தும், அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "திங்கட்கிழமையே அவன் பேரை மொதல்ல எழுதுறேன்."

வீரம்மா மகனை இறக்கி, செருப்பைக் கழற்றி, காகிதத்தோடு ஒட்டி நிறுத்தினாள். சுலக்ஷனா அவன் தலையில் வைக்கப் புத்தகத்தை எடுத்தாள்.

"இருங்க" என்றாள் வீரம்மா.

கூடையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். கொழுந்துக் கறை ஏறிய கட்டைவிரலைக் காகிதத்தின் அடி நுனியில் வைத்து, அது தரையைத் தொடுகிற இடத்தை ஓரம் முதல் ஓரம் வரை தடவிப் பார்த்தாள். இன்னொரு தரமும் தடவினாள். பிறகு பிள்ளையின் இரண்டு குதிகால்களையும் உள்ளங்கையால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப அளங்க டீச்சர்."