பிரிக்காத மூட்டை

அக்காவின் இருபத்திரண்டு வருஷத்துக்குத் தம்பி வைத்த விலை, ஒரு மூட்டைப் பழந்துணி. அதையும் பெரிய மனசு பண்ணித்தான் கொடுத்தான்.

நாலு விசைத்தறியும் அப்பாவுக்குப் பின் தம்பி பேருக்குப் போயின. ஓட்டியது அக்கா. கூலி கிடையாது, சொந்த வீட்டில் பொம்பளைக்கு யார் கூலி கொடுப்பார்கள்? அன்றன்று நெய்ததை மீட்டர் நோட்டில் எழுதுவாள். பக்கம் முடிந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வைத்த பழக்கம்.

வெளிநாட்டுப் பழந்துணி கப்பல் கப்பலாக இறங்கியதும், ஒரு முழுச் சட்டை அக்கா வாங்கும் நூலைவிட மலிவாகிவிட்டது. தம்பி கெட்டிக்காரன். தறிகளை இரும்பு விலைக்குப் பேசி முடித்து, அதே கொட்டகையில் பழந்துணிக் கடை போட ஏற்பாடு செய்தான்.

ஒரு தறியையாவது விட்டுவைக்கச் சொல்லி அக்கா கேட்டாள்.

"நெய்து யாருக்குக்கா விக்கப் போற? நம்ம வீட்டுலயே உன் துணிய யாரு உடுத்துறா?"

எதிரே நின்ற தம்பி மனைவி உடுத்தியிருந்ததும் மூட்டையில் வந்த கவுன்தான்.

தெருவில் விரித்து விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அந்த மூட்டை. பழந்துணி வியாபாரத்தில் பிரித்துப் பார்த்து வாங்குகிற பேச்சே இல்லை; மூட்டையைக் கட்டிய பட்டையை அறுத்தால் பேரம் முடிந்தது. அக்காவே அறுத்தாள்.

உள்ளே முப்பத்தெட்டுப் பனிக்கோட்டுகள், பஞ்சு திணித்தவை. அந்த ஊரில் மின்விசிறியை நிறுத்தினால் குழந்தை அழும்.

"குளிர் வந்தா அள்ளிக்கிட்டுப் போவாங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. கேலி இல்லை, வேறென்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்து நாளில் ஒன்று விற்றது. வாங்கியவர் ஐஸ் ஃபேக்டரிக்காரர். ஊரில் ஐஸ் ஃபேக்டரியும் ஒன்றுதான்.

தறிகள் லாரியேறிய அன்று அக்கா மீட்டர் நோட்டைக் கொண்டுவந்து தம்பி முன் வைத்தாள். கடைசிப் பக்கத்தில், நெய்தது மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் மீட்டர். பெற்றது கோட்டு முப்பத்தெட்டு. கீழே 'பாக்கி' என்று எழுதி இடம் விட்டிருந்தாள்.

தம்பி கோபப்படவில்லை. "சாப்பாட்ட விட்டுட்டியேக்கா," என்று பென்சிலை எடுத்து, 'சாப்பாடு, இருபத்திரண்டு வருஷம்' என்று சேர்த்தான். பாக்கிக்கு நேரே ஒரு பூஜ்யம். தன் கையெழுத்தைப் போட்டு நோட்டை அவள் பக்கம் திருப்பினான்.

அக்கா நிதானமாகப் படித்தாள்.

"சமைச்சது யாருடா?"

பென்சிலைத் தொடாமல் எழுந்து, முப்பத்தேழு கோட்டுகளையும் மூட்டை கட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

அந்தப் பக்கத்தில் இன்றுவரை ஒரு கையெழுத்துதான் இருக்கிறது.