217-ஆம் கடையின் அளவு

ஃபூஹாய் கடைவளாகத்தில் மொத்தம் அறுபத்து நாலு கடைகள். அவற்றில் அறுபத்து மூன்றை நான் அளந்தேன். விட்டுப்போனது என் அம்மாவின் தையல் கடை.

கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருடத்தில் ஆளுக்கொரு பழைய கட்டடத்தை எடுத்து மாற்றி வடிவமைக்க வேண்டும். கூடப் படிப்பவர்கள் நூலகம், ரயில் நிலையம் என்று பெரிதாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் தைவானின் கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் நிற்கும் இந்த நாலு மாடிக் கிழட்டுக் கட்டடத்தை எடுத்தேன். பாசம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், மழையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், அவ்வளவுதான். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் ஆசைப்பட்டு எடுத்ததாக நினைவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வரைந்தேன். உடம்பு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் சங்கம் அடுத்த வருடம் கட்டடத்தைப் பழுதுபார்க்க இருந்தது. நம் வளாகத்துப் பெண், அதுவும் படிக்கிற பெண், இவள் வரைவதையே வைத்துக் கட்டிவிடலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். டாக்சி ஓட்டும் என் அப்பாவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அம்மாவின் கடைச் சாவியை எடுத்து என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எதை வேணா எப்படி வேணா மாத்திக்கோ. உங்கம்மா கடை மட்டும் இருக்கணும். நாலு பேரு வாடகைக்குக் கேட்டாங்க, நான் குடுக்கல. உன் படத்துல அது இருக்கணும்."

"சரிப்பா" என்றேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அளக்கிற வேலை ஒரு மாதம் பிடித்தது. எங்கள் ஊர்க் கடையில் விற்கும் அளவு டேப்பில் செண்டிமீட்டருக்குக் கீழே சகுன வார்த்தைகளாக இன்னொரு வரிசை ஓடும். சிவப்பில் எழுதியிருந்தால் நல்லது, கறுப்பில் எழுதியிருந்தால் கெட்டது. வாசல், மேசை, சாமி மாடம் எல்லாம் சிவப்பில் வந்து விழும்படிதான் ஆசாரி அறுப்பான். கல்லூரியில் அந்த வரிசையை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டாம் மாடியில் 216-இல் உள்பாடி விற்கும் ஷியூஜூ சித்தி, டேப்பை நான் இழுத்த மறு நிமிஷம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"எனக்குச் சிவப்பா, கறுப்பா?"

"சிவப்பு, சித்தி."

"பொய் சொல்லாத. வியாபாரத்தப் பாத்தா கறுப்பு மாதிரி இருக்கு." பிறகு அடுத்த கடையைக் கண்ணால் காட்டினாள். "அந்த வெள்ளத் தாளக் கிழிக்கச் சொல்லி உங்கப்பன்கிட்ட எத்தன தடவ சொல்றது? இங்க வர்ற பொம்பளைங்க அதப் பாத்துட்டுத் தன் அளவையே மறந்துடறாங்க."

217-இன் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. தாயார் காலமானார் என்று எழுதி ஒட்டும் வெள்ளைத் தாள், பாதி கதவின் மேலும் பாதி பக்கத்துச் சுவரின் மேலுமாக ஒட்டியிருந்தது. சாவு வீட்டு வாசலில் ஒட்டுவதை அடக்கம் முடிந்த அன்றே கிழித்துவிட வேண்டும். அக்கம்பக்கத்துக் கடைகளில் தீட்டு ஒட்டாமல் இருக்கக் குத்திய சிவப்புக் காகிதங்களைக்கூட அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். எங்களுடையது மட்டும் அப்படியே இருந்தது. தாளின் ஓரம் மஞ்சளடித்திருந்தது. கதவுக்கு முன்னால் தரையில் மூன்று ஆரஞ்சுப் பழங்கள். சாந்திர மாதத்தில் இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும் கடைக்காரர்கள் சாமிக்குப் படைப்பார்கள். கடை நடத்தாத அப்பாவும் அந்த நாட்களில் வந்து பழம் வைத்துவிட்டுப் போவார்.

சாவி என் பைக்குள் இருந்தது. பூட்டைத் தொட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று 218-க்குப் போய்விட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

அதன் பிறகு நடந்ததில் என் கெட்டிக்காரத்தனம் ஒரு துளியும் கிடையாது. கணினியில் சுவர்களை வரைந்து மூடிய இடத்தில்தான் தளம் விழும். 217-க்கு அளவு இல்லை, அதனால் சுவர் இல்லை, அதனால் தளமும் இல்லை. இரண்டாம் மாடியின் நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை. அதை மறைக்கக்கூட எனக்குச் சுறுசுறுப்பு வரவில்லை. அப்படியே அச்செடுத்துக் கொண்டுபோய் லாய் ஆசிரியர் மேசையில் வைத்தேன்.

லாய் ஆசிரியர் சாதாரணமாக யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை. நீ இன்னும் தூங்கிட்டுதான் இருக்கியா என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்குப் பென்சிலால் அந்த ஓட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இது நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. இதக் கூரை வரைக்கும் தொறந்துடு, கீழயும் தொறந்துடு. அந்த இருட்டுக் கட்டடத்துக்கு இதுதாம்மா இதயம்."

மேலே இருந்தவை உடைந்த சாமான் போடும் அறைகள். கீழே இருந்தது படிக்கட்டின் முகப்பு. எங்களைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை. "சரி சார்" என்றேன்.

மூன்று மாதம் அந்த ஓட்டையைத்தான் செதுக்கினேன். காலை வெளிச்சம் எப்படி விழும், மத்தியானம் எப்படி விழும் என்று பதினெட்டுப் படம் வரைந்தேன். அது அம்மாவின் இடம் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தது. ஆனால் வேறு யாருக்கோ பல் வலிக்கிற மாதிரிதான் தெரிந்தது.

இறுதி மதிப்பீட்டு நாளில் சங்கத்துக்காரர்கள் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு தைபேயில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கு வந்து இறங்கினார்கள். ஷியூஜூ சித்தி உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். அப்பா அம்மாவின் சாவுக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். வேறு கோட்டு அவரிடம் கிடையாது. வெள்ளை அட்டையில் நான் செய்திருந்த மாதிரியை அவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கட்டடம் அழகா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆளாளுக்குக் குனிந்து தன் கடையைத் தேடினார்கள்.

அப்பாவும் தேடினார். விரலை வைத்து 214, 215, 216 என்று எண்ணிக்கொண்டே வந்தார். அடுத்த எண்ணில் விரல் ஓட்டைக்குள் இறங்கியது. எடுக்காமல் அப்படியே நின்றார்.

ஷியூஜூ சித்திக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன சியென், உன் பொண்டாட்டி கடையக் காணோம்? பொண்ணு ஓட்டை போட்டுட்டாளா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஓட்டை இல்ல, வெளிச்சம்" என்றார் அப்பா. "மொத்தக் கட்டடத்துக்கும் அவ கடை வழியாத்தான் வெளிச்சம் வருது. பாத்தா தெரியலயா உனக்கு?"

சித்தி வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். லாய் ஆசிரியர் என் பக்கத்தில் வந்து, "உங்கம்மா கடையா அது? ஒரு வார்த்த சொல்லலயேம்மா" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கூசியது. பதினாறு மாதத்தில் எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது என்றால், அது அந்தக் கூச்சம்தான்.

திரும்பும்போது அப்பாவின் டாக்சியில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். சுரங்கப்பாதையைத் தாண்டியதும் வழக்கம்போலக் கீலுங் மழை பிடித்துக்கொண்டது.

"அப்பா, அது நான் வேணும்னு செஞ்சதில்ல."

அவர் சாலையைப் பார்த்தே ஓட்டினார்.

"நான் அம்மா கடைய அளக்கவே இல்லப்பா. உள்ள போக முடியல. அளவு இல்லாததால அங்க ஓட்டை விழுந்துடுச்சு. அவ்வளவுதான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ கதவத் தூக்கியிருந்தா அந்தத் தாளு கிழிஞ்சிருக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவ பழம் வெக்க வரேன்ல, பாத்துட்டுதான் இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு அங்க அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன ஊரு முன்னாடி உன்ன விட்டுக்குடுக்கச் சொல்றியா?" கண்ணாடியில் வடியும் தண்ணீரை வைப்பர் இரண்டு தடவை தள்ளியது. "எனக்கு மட்டும் அதக் கிழிக்கக் கை வந்துச்சா என்ன?"

வண்டி வீட்டுத் தெருவுக்குத் திரும்பவில்லை. நேராக வளாகத்துக்குப் போய் நின்றது. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. இரண்டாம் மாடியில் பாதிக் கடைகளுக்கு ஆள் இல்லை, எல்லோரும் இன்னும் வேனில் வந்துகொண்டிருந்தார்கள். நான் பூட்டைத் திறந்தேன். கதவு துருப்பிடித்து மக்கர் பண்ணியது. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கினோம். தாள் நடுவில் கிழிந்தது. சின்னச் சத்தம்தான்.

உள்ளே தையல் மெஷினுக்கு உறை போட்டிருந்தது. மடிப்புக்கு ஊசி குத்திய காற்சட்டை ஒன்று இன்னும் மாட்டியிருந்தது. அப்பா எதையும் தொடவில்லை. டேப்பின் முனையை வாங்கிக்கொண்டு இடது சுவரில் போய் வைத்தார்.

"சொல்லு."

நான் வலது சுவர்வரை இழுத்தேன். "219 செண்டிமீட்டர்."

கீழ் வரிசையைப் பார்த்தேன். சிவப்பு. 'செல்வம்' என்று இருந்தது. அப்போதுதான் வலது பக்கம் நெடுக ஒரு பலகை அடித்திருப்பதைக் கவனித்தேன். சுவரின் நிறத்திலேயே சாயம் பூசியிருந்ததால் இத்தனை வருடம் என் கண்ணில் பட்டதே இல்லை. பழக்க தோஷத்தில் பலகைக்குப் பின்னால் சுவர்வரை டேப்பை நுழைத்தேன். கட்டடத்தை அளப்பவர்கள் பலகையை அளக்க மாட்டார்கள், சுவரைத்தான் அளப்பார்கள்.

"நிஜமான அளவு 221, அப்பா."

கீழே கறுப்பு. எழுத்தைப் படித்தேன். 'நோய்'.

"தெரியும்" என்றார் அப்பா. "கடை வாங்கின அன்னிக்கே அளந்துட்டா. ரெண்டு செண்டிமீட்டருக்குப் பலகை அடிச்சாத்தான் உள்ள வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. நீ அப்ப வயித்துல. எனக்கு வந்தா பரவால்ல, புள்ளைக்கு வரக்கூடாதுன்னா."

இருபத்து மூன்று வருடம் இந்தக் கடையில் விளையாடியிருக்கிறேன், வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். ஒரு நாளும் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை.

"அந்த ஓட்டைய மூடிடவாப்பா? சாரு விடமாட்டாரு. இதயம்னு சொன்னாரு."

"மூடிடு. வெளிச்சம் வேற எங்கயாவது வரட்டும்."

நோட்டை எடுத்தேன். கடை எண் 217 என்று எழுதினேன். அகலம் என்ற இடத்தில் 219 என்று எழுதினேன். என் வரைபடத்தில் நான் தெரிந்தே எழுதிய ஒரே தப்பான அளவு அது. அந்த இரண்டு செண்டிமீட்டர் மாதிரியில் ஒரு மெல்லிய அட்டையின் கனம்கூட வராது. எழுதி முடித்ததும் எழுத்து எனக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தேன், சத்தமாக, பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி.

அப்பா டேப்பின் முனையை விடவில்லை. விட்டால் அது சுருண்டு வந்து என் கையில் அடிக்கும். நான் முடிக்கும்வரை சுவரில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.