சுவரில் சாய்த்த தலையணை

காலை ஏழு பத்துக்குத் தேயிலை ஃபேக்டரிச் சங்கு ஊதியது. ஜீவா காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று நாளாகச் சுவரோரம் வைத்த தலையணையில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறாள். காய்ச்சல் மூளைக்குப் போயிருக்குமோ என்று ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். அப்படி எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். காய்ச்சலும் விட்டது. மறுநாள் தலைவலி பிடித்தது. ஊசி குத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவன் அவள் புருஷன் ரவிச்சந்திரன்.

"தலையில நீர் கோத்திருக்கு. படுக்க விட்டியோ, மூளையில இறங்கிரும்" என்றிருந்தாள் பக்கத்து வீட்டுத் தெய்வம்மா. தலையில் நீர் கோத்தவர்களை அந்த லயத்து வரிசை வீடுகளில் உட்கார்த்தித்தான் வைப்பார்கள். குடிக்கத் தண்ணீரும் அரை டம்ளர்தான். ஜீவா சரியும்போதெல்லாம் ரவிச்சந்திரன் நிமிர்த்தி வைத்தான். அவள் கெஞ்சினாள். அவன் நிமிர்த்தினான்.

சங்கு ஓய்ந்ததும் அவளுக்கு லீவு சொல்ல எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனான். அவன் சொன்னதைக் கேட்டு நர்ஸ் ஷைனா கூடவே வந்துவிட்டாள்.

"உட்கார்ந்தா வலிக்குது, சரி. படுத்தா?"

"படுக்க விடலீங்க சிஸ்டர்" என்றான் ரவிச்சந்திரன்.

"மூணு நாளாவா? முதல்ல படுக்க வைங்க."

வாசலில் நின்ற தெய்வம்மா, "படிச்ச புள்ள சொல்லுது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா தூக்க நாலு பேரைக் கூட்டிட்டு வருமா?" என்றாள்.

"பெரியம்மா, நீங்க சாயம் நல்லா இறங்கின தேத்தண்ணி ஒண்ணு போடுங்க. உங்க வைத்தியம் அது போதும்."

ஷைனா அவனிடம் திரும்பினாள். "ஊசி குத்தின ஓட்டை வழியா உள்ள இருக்கிற நீர் கசியுது. அதான் நிமிர்ந்தா வலி. படுத்தாக் குறையும். தண்ணி நிறையக் குடிக்கணும். முக்கால்வாசி தானா அடைஞ்சிரும். அடையலன்னா அவ ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்த இடத்துல போட்டு அடைப்பாங்க."

"படுத்தும் குறையலன்னா?"

"அப்ப வேற என்னமோ. உடனே ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஜீப்புக்குச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

தலையணையை உருவ அவனுக்குக் கை வரவில்லை. தெய்வம்மா சொன்னதே நிஜமாக இருந்தால், இப்போது கொல்வதும் அவன் கைதான். ஷைனா உருவினாள். அவன் பிடரியைத் தாங்கி மெல்ல இறக்கினான். தலை பாயைத் தொட்டது. ஜீவா கண்ணை மூடினாள்.

ஷைனா கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் பனிக்குள் தேய்ந்தது. தேத்தண்ணி வந்து ஆறியது.

அவன் சட்டையைப் பற்றியிருந்த ஜீவாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. வலி விட்டதாலா, வேறெதனாலா, அவனுக்குத் தெரியவில்லை. குனிந்தான்.

"ஜீவா, இப்ப எப்படி இருக்கு?"