பகுமே பன்னிரண்டு

குலெலேயில் எட்டு வீடுகளுக்கு ஒரே இரும்புக் கேட் போட்ட ஒரு வளவில், மூன்றாம் வீட்டுக்கு மட்டும் அந்த ஆண்டு புத்தாண்டு பதினைந்து நாள் தாமதமாக வந்தது. அடிஸ் அபாபாவின் மற்ற வீடுகளுக்கெல்லாம் அது ஒழுங்காகவே வந்தது. முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம் போனபின் மிஞ்சுகிற ஐந்தே நாள் மாதமான பகுமே முடிந்து, மெஸ்கெரெம் ஒன்றாம் தேதி காலையில் சிறுமிகள் மஞ்சள் பூங்கொத்துகளோடு பாடிக்கொண்டு வந்தார்கள். ஏழு வாசல்களில் பூக்கள் விரிந்தே இருந்தன. மூன்றாம் வாசலில் நீட்டியதும் அவை மொட்டாகச் சுருங்கின, இரண்டடி பின்னால் எடுத்ததும் மறுபடி விரிந்தன. மழைக்காலமும் போகாமல் அந்த வீட்டுத் தகரக் கூரைமேல் மட்டும் தங்கிப் பெய்தது. கைப்பேசியை வாசலுக்கு வெளியே பிடித்தால் மெஸ்கெரெம் ஒன்று, உள்ளே கொண்டுவந்தால் பகுமே ஆறு. சிறுமிகள் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு நான்காம் வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டுக்காரன் வொண்டிமு இன்னும் கட்டாத மாடிவீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படம் செய்து கொடுப்பவன். நகரத்தில் பாதி அடுக்குமாடிகள் முதலில் அவன் அறையில்தான் எழும்பின. அவனுடைய கணினிக்கு ஒரு காட்சியை வரைந்து முடிக்கப் பொழுது முழுக்கப் போதாது, நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்கும். மனைவி மெக்லித் உண்டாகியிருப்பது தெரிந்த வாரத்தில், குழந்தை வரும்போது கொஞ்ச நாளாவது சும்மா இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கிராபிக்ஸ் கார்டின் கடிகார வேகத்தை ஏற்றுவது என்று முடிவு செய்தான். அவசரக்காரன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது. முதலில் தூசி தட்டினான், காய்ந்துபோன வெப்பப் பசையை வழித்துவிட்டுப் புதுசு தடவினான், விசிறி கூடுதலாக ஒன்று மாட்டினான். பிறகு பதினைந்து பதினைந்து மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் முழு வேலை கொடுத்துக் கார்டைக் கசக்கிப் பார்த்தான். நூற்றைம்பதில் திரையில் புள்ளிகள் பறந்தன. உடனே முப்பது இறங்கி நூற்றிருபதில் நிறுத்தினான். மின்னழுத்தத்தைத் தொடவே இல்லை. சூடு எழுபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை. நாளுக்கு நாற்பத்திரண்டு நிமிடம் மிச்சமாயிற்று. ஞாயிறுகூட விடாமல் எட்டு மாதம், தினமும் காலைக் காபியின்போது அந்த நாற்பத்திரண்டு நிமிடத்தை மெக்லித்திடம் சொல்லிச் சொல்லி அவள் உயிரை வாங்கினான். அந்த நிமிடங்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை, வழிகாட்டிக் குறிப்பு எதிலும் அது எழுதியிருக்கவும் இல்லை.

பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஐந்து நாள் என்பது அந்த ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிற கணக்கு. மெக்லித்துக்கு ஒன்பது மாதம் பன்னிரண்டாம் மாதமான நெஹாசெ முப்பதோடு முடிந்தது, ஐந்து நாள் பகுமே ஐந்தோடு முடிந்தது. ஆறாம் நாளுக்குக் கணக்கில் இடமில்லாததால் குழந்தை அப்படியே நின்றுவிட்டது. மறுநாளும் வீட்டுக்குள் பகுமே ஆறுதான். அதற்கு மறுநாளும் ஆறுதான். மருத்துவமனையில் அளந்து பார்த்து, நேற்று இருந்ததில் ஒரு முடிகூட மாறவில்லை, தாமதம் என்று சொல்ல வழியில்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் மெக்லித் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியேறினாள். கெர்ஜியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினாள். மழை அங்கே வந்து, அக்கா வீட்டுக் கூரைமேல் மட்டும் பெய்தது. துணி காயவில்லை என்று அக்காவே டாக்சி பிடித்து அனுப்பிவைத்தாள். ஐந்தாம் வீட்டு எட்டேனேஷ், பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி கிளறவென்று வறுத்து வைத்த வாற்கோதுமை மாவில் வண்டு வருகிறதா என்று தினமும் சலித்துப் பார்த்தாள். "என்னடி மெக்லித், வருமா வராதா? எங்க வீட்ல இஞ்செரா தோசைக்குக் கரைக்க மாவு இல்ல, இதையாவது எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வொண்டிமுவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. தப்பு செய்தவனுக்காவது திருத்த ஓரிடம் இருக்கும். அவன் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தான். வேகத்தைப் பழையபடி இறக்கிப் பார்த்தான், ஆறு ஆறாகவே இருந்தது. தேவாலயத்தில் பாதிரியார் விரலை மடக்கி எண்ணிவிட்டு, நாலு ஆண்டுக்கு ஒருமுறை வரும் லூக்காவின் ஆண்டாக இருந்தால் பகுமேக்கு ஆறு நாள், இது அவருடைய ஆண்டு இல்லை, ஆகவே ஐந்துதான் என்று சொல்லி ஆசீர்வதித்தார். கடைசியில் கணினியையே தூக்கிக்கொண்டு மெர்காட்டோ சந்தையில் அவனுக்குக் கார்டு விற்ற ஷெம்சுவிடம் போனான்.

ஷெம்சு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தான். "எழுபத்தெட்டு டிகிரி. புள்ளி இல்ல, கோடு இல்ல. என் கல்யாணத்துல நான்கூட இவ்வளவு ஜாக்கிரதையா இருந்ததில்லப்பா. உனக்கு என்னதான் கொறை?"

"புத்தாண்டு வரல."

"அதுக்கு நான் கேரண்டி குடுக்கலையே."

அதே வாரத்தில் கட்டுமானக் கம்பெனி மேலாளர் கெப்ரெஹானா கூப்பிட்டார். மெஸ்கெரெம் பதினேழில் வரும் மெஸ்கல் பண்டிகைக்குள் படம் கைக்கு வர வேண்டும். கொடுத்தால் அடுத்த மூன்று கட்டடமும் அவனுக்கே என்று பேச்சு.

"புத்தாண்டு வாழ்த்துகள் வொண்டிமு. என் படம் எங்கப்பா?"

"வாழ்த்தை இப்ப வாங்கிக்க முடியாதுங்க ஐயா. எங்க வீட்ல இன்னும் பகுமே ஆறுதான்."

"உங்க வீட்ல எதுவா வேணா இருக்கட்டும். என் ஆபீஸ்ல மெஸ்கெரெம் ஏழு."

ஆகவே அவன் இன்னும் மும்முரமாக உட்கார்ந்தான். இனி வேகத்தை இறக்கி என்ன பயன் என்று மறுபடி நூற்றிருபதுக்கே ஏற்றினான். மெஸ்கெரெம் ஒன்பதாம் தேதி, வீட்டுக் கணக்கில் ஒன்பதாவது பகுமே ஆறு, பிற்பகலில் மெக்லித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். தகரத்தில் மழை சத்தம் போட்டதால் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"கடிகாரத்தை ஏத்தினேன், ஏத்தினேன்னியே. எந்தக் கடிகாரத்தை ஏத்தின?"

"கார்டோட கடிகாரத்தை. நம்ம வீட்டோடது இல்ல."

"கார்டு யாரு வீட்ல இருக்கு?"

அவன் குனிந்து, மேசையடியில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தான்.

"தெனம் நாப்பத்திரண்டு நிமிஷம் மிச்சம் பிடிச்சியே, அது மொத்தம் எவ்வளவு? போட்டுப் பாரு."

எட்டு மாதம், இருநூற்று நாற்பது நாள். போட்டுப் பார்த்தான். ஒரு நிமிடம் கூடாமல் குறையாமல் ஏழு நாள் வந்தது.

"யாருக்காகப் பிடிச்ச?"

"குழந்தைக்குத்தான். சும்மா இருக்கறதுக்கு."

"அந்த ஏழும் வந்தாச்சு. இன்னிக்கு முதல் நாள். ஒம்பது நாளா முதல் நாள்லயே உட்கார்ந்து நீ வேலை பாத்துக்கிட்டிருக்க. சும்மா இருக்கறதுக்குன்னு வச்ச நாள் வேலை பாத்தா எப்படிக் கழியும்? உன்னை நம்பி உள்ள ஒண்ணு காத்துக் கெடக்குது, நீ நீச்சல் குளத்துக்குத் தண்ணி வரைஞ்சுக்கிட்டு இருக்க!"

நீச்சல் குளம் மட்டும்தான் பாக்கி, இரண்டே நாள் பொறு என்றான். அவள் பொறுப்பதாக இல்லை. எட்டு மாத உழைப்பு, வரப்போகிற மூன்று கட்டடம், ஒரு குறையும் சொல்ல முடியாத கார்டு எல்லாம் கண்முன் நின்றன. ஆத்திரம் தாங்காமல் மேசையை ஓங்கி அடித்தான், கை வலித்ததுதான் மிச்சம். பிறகு கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி எட்டேனேஷிடம் கொடுத்து, கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை கைப்பேசியில் பகுமே ஏழு என்று இருந்தது. சும்மா இருப்பது அவனுக்குச் சுத்தமாக வரவில்லை. எட்டாம் நாள் இரண்டு முறை ஐந்தாம் வீட்டுக்குப் போய்க் கம்பியைக் கேட்டான், எட்டேனேஷ் மாவுச் சல்லடையை ஓங்கிக்கொண்டு துரத்தினாள். ஒன்பதாம் நாள் மெக்லித்தின் வீங்கிய காலைப் பிடித்துவிட்டான், அது அவள் கால்தானா என்று கேட்கிற அளவுக்கு மாறியிருப்பதை அன்றுதான் பார்த்தான். பத்தாம் நாள் கெப்ரெஹானா கூப்பிட்டு, படத்தை வேறொருவனிடம் கொடுத்துவிட்டதாக இரண்டே வரியில் சொன்னார். வொண்டிமு கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தான். பதினொன்றாம் நாள் முழுக்க அவள் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். உள்ளிருந்து ஓர் உதை கன்னத்தில் விழுந்தது, வாங்கிக்கொண்டான்.

பகுமே பன்னிரண்டு, சூரியன் எழுந்து மூன்று மணிக்குப் பெண் பிறந்தாள். மருத்துவமனையில் பிரசவ அறையின் கூரைமேல் மட்டும் மழை பெய்தது, தாதிகள் ஜன்னலைச் சாத்தினார்கள். மறுநாள் வீட்டில் மெஸ்கெரெம் ஒன்று, வெளியே பதினாறு. அன்று பகலுக்குள் வீடு பதினைந்து தேதிகளையும் தாண்டி வளவோடு சேர்ந்துகொண்டது. கடைசியில் தன்னிடம் ஒரு துளிகூட மிஞ்சியிருக்கவில்லை என்பதால், பொறுமை என்று பொருள்படும் திகிஸ்த் என்ற பெயரை மெக்லித் பிள்ளைக்கு வைத்தாள். பிறப்பைப் பதிய வொண்டிமு போனபோது எழுத்தர் அம்மாள் பேனாவை நிறுத்தினார்.

"பகுமே பன்னிரண்டுன்னு ஒரு நாளே கிடையாதேப்பா."

"எங்க வீட்ல இருந்துச்சும்மா."

அவர் விலாசத்தைப் பார்த்தார். "குலெலேயில மழை பெய்ஞ்ச வீடா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் எழுதி முத்திரை குத்தினார்.

அதற்கப்புறம் வொண்டிமுவுக்குச் சின்னச் சின்ன வேலைகள்தான் கிடைத்தன, இன்னும் அப்படித்தான். ஆனால் ஆண்டுதோறும் கடைசி எட்டு மாதம் கார்டை நூற்றிருபதுக்கு ஏற்றி, சூட்டை எழுபத்தெட்டுக்குள் வைத்து, நாளுக்கு நாற்பத்திரண்டு நிமிடம் சேர்க்கிறான். லூக்காவின் ஆண்டு வந்தால், பகுமே ஆறு எல்லோருக்குமே உண்டு என்பதால், ஒரு படி குறைத்துக்கொள்கிறான். பகுமே ஆறு பிறந்ததும் கம்பி ஐந்தாம் வீட்டுக்குப் போய்விடும். ஏழாவது நாளான பகுமே பன்னிரண்டில், மூன்றாம் வீட்டில் மட்டும், திகிஸ்த்துக்கு ஒரு வயது கூடும். மற்றப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் தானாக வரும், என்னுடையதை அப்பா செய்வார் என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொன்னாளாம். ஆசிரியை அதைத் திருத்தவில்லை.